வலியில்லாப் பிரசவம்: பாரிஸ் தொழிலாளர் மருத்துவமனை ஒன்றின் கதை

நம் பக்கத்தில் பிள்ளைப்பேற்றை மறுபிறப்பு என்றுதான் சொல்வார்கள். பிறப்பது என்னவோ பிள்ளை, மறுபிறப்பு தாய்க்கு. "செத்துப் பிழைத்து வந்தாள்" என்ற பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. பிரசவ வைராக்கியம் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். இவற்றையெல்லாம் கேட்டுக்கேட்டே வளர்ந்த பெண், வயிற்றில் பிள்ளை தங்கியது என்று தெரிந்த நாள் முதல் மகிழ்ச்சியோடு ஒரு பயத்தையும் சேர்த்துத்தான் சுமக்கிறாள். வாந்தி, மயக்கம், கால் வீக்கம் இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு கஷாயம் சொல்வார்கள். இந்தப் பயத்துக்கு மட்டும் மருந்து சொல்வாரில்லை.

ஆனால் அந்தப் பயத்தையே நோயாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பள்ளிக்கூடம் போல வகுப்பு நடத்திய ஒரு மருத்துவமனை பாரிஸ் நகரில் இருந்தது. 1950களில் உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். ரஷ்யாவும் அமெரிக்காவும், கம்யூனிஸ்டுகளும் போப்பாண்டவரும் சம்பந்தப்பட்ட சுவையான கதை அது. பிரெஞ்சு மொழியில் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். தமிழில் அவ்வளவாக இல்லை. பேத்தி, மருமகள் என்று வீட்டில் யாராவது வாயும் வயிறுமாக இருக்கும் வயது நமக்கு. அதனால் இந்தக் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால்

ஐரோப்பாவில் நெடுங்காலம் பிரசவ வலியைக் கடவுள் கொடுத்த தண்டனையாகவே நினைத்தார்கள். விவிலியத்தின் முதல் நூலில், ஏவாள் செய்த பாவத்துக்காகப் பெண் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்று வருகிறது. 1847ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்கு முதலில் ஈதரும், பிறகு குளோரோஃபார்மும் கொடுத்தபோது, தண்டனையிலிருந்து தப்பிக்க வழி செய்யலாமா என்று கேட்டவர்களும் உண்டு. 1853ல் விக்டோரியா மகாராணி தம் மகன் லியோபோல்டைப் பெற்றபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அவருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். ராணியே வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் கேள்வியின் வேகம் குறைந்துபோனது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மார்ஃபினும் ஸ்கோபோலமினும் கலந்து ஊசி போட்டார்கள். "அந்தி உறக்கம்" என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணுக்கு வலி இருந்தது, கத்தவும் செய்தாள். விழித்த பிறகு எதுவும் நினைவில் இருக்காது, அவ்வளவுதான். பிள்ளையும் மயக்கத்தில் பிறக்கும். தன் பிள்ளை பிறந்ததை யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை. வலிக்கு இப்படி வழி தேடினார்கள். பயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஓய்வைப் பற்றி மட்டும் ஒருவர் கேட்டார். பாரிசில் அடோல்ஃப் பினார் என்ற பேராசிரியர், கடைசி நாள் வரை நின்றுகொண்டே வேலை செய்த பெண்களின் குழந்தைகளையும், பிரசவத்துக்கு முன் சில காலம் காப்பகத்தில் தங்கி ஓய்வெடுத்த பெண்களின் குழந்தைகளையும் எடை போட்டுப் பார்த்தார். ஓய்வெடுத்தவர்களின் குழந்தைகள் எடை கூடுதலாக இருந்தன. 1895ல் அதை வெளியிட்டார். 1909ல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. பிரசவத்தை ஒட்டி 8 வாரம் வேலைக்கு வராத பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றது. சம்பளம் கிடையாது, வேலை போகாது. அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம்.

ஆங்கிலேய மருத்துவரும் ரஷ்ய மருத்துவர்களும்

பயத்தைப் பற்றி முதலில் விரிவாகப் பேசியவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர். இளைஞராக லண்டனின் ஏழைப் பகுதியான ஒயிட்சாப்பலுக்கு ஒரு பிரசவத்துக்குப் போனார். குளோரோஃபார்ம் வேண்டுமா என்று கேட்டதற்கு அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு ஏன் என்று கேட்டார். வலிக்கவில்லையே, வலிக்க வேண்டும் என்று ஏதும் இருக்கிறதா என்ற பொருளில் அவள் பதில் சொன்னாளாம். அந்தப் பதில் அவரை விடவில்லை. பயம் வந்தால் உடம்பு இறுகுகிறது, உடம்பு இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் பயமும் கூடுகிறது என்று ஒரு சக்கரத்தை அவர் வரைந்து காட்டினார். 1933ல் அவர் எழுதிய புத்தகம் "இயற்கைப் பிரசவம்" என்ற சொல்லையே பழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

ரஷ்யாவில் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லோவின் சோதனையைப் பள்ளியில் படித்திருப்போம். உக்ரைனின் கார்கிவ் நகரில் இல்யா வெல்வோவ்ஸ்கி என்ற மனநல மருத்துவர், பிரசவ வலியின் பெரும்பகுதி இப்படிப் பழக்கத்தால் ஏற்றப்பட்டது என்றார். சிறுவயது முதல் பிரசவம் என்றால் வலி, வலி என்றால் பிரசவம் என்று கேட்டு வந்த பெண்ணின் மூளை, கருப்பை சுருங்கத் தொடங்கியதுமே வலி என்று எழுதிக்கொள்கிறது. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தால் மாற்றலாம் என்பது அவர் கருத்து. போர் முடிந்த காலம் அது. மருந்துக்கும் மயக்க மருத்துவர்களுக்கும் தட்டுப்பாடு. செலவில்லாத முறை என்பதால் அரசுக்கும் பிடித்துப்போனது. 1951ல் சோவியத் அரசு நாடு முழுவதும் இதைக் கடைப்பிடிக்க ஆணை போட்டது. ஆணை போட்டால் வலி போய்விடுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ப்ளுயே தெருவில்

பாரிசின் 11ஆம் வட்டத்தில் ப்ளுயே தெரு இருக்கிறது. ப்ளுயே என்பது கோதுமை வயல்களில் பூக்கும் ஒரு நீலப்பூ. 1936ல் பிரான்சில் நடந்த பெரிய வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, உலோகத் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக அந்தத் தெருவில் ஒரு மருத்துவமனை அமைத்தது. போருக்குப் பிறகு, 1947ல், அங்கே பிரசவப் பிரிவு தொடங்கினார்கள். அதற்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஃபெர்னான் லமாஸ்.

1951ல் பாரிசில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில் நிகோலாயெவ் என்ற சோவியத் பேராசிரியர் இந்தப் புதிய முறையைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. லமாஸுக்கு நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்போது அவருக்கு வயது 60. அதே ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்றுடன் சோவியத் நாட்டுக்குப் போனார். லெனின்கிராடில் ஒரு பெண் பிள்ளை பெறுவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தார். அவள் கத்தவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு புரளவில்லை. வேலை செய்கிறவளைப் போல, தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்துகொண்டிருந்தாள். அத்தனை ஆண்டுகள் பிரசவம் பார்த்த மனிதருக்கு அது பெரிய அதிர்ச்சி. ஓய்வு பெறும் வயதில் மறுபடி மாணவராகிப் பாரிஸ் திரும்பினார். 1952ல் ப்ளுயே தெருவில் வகுப்புகள் தொடங்கின. அவருக்குத் துணையாக நின்றவர்களில் பியேர் வெல்லே முக்கியமானவர். பிரெஞ்சில் இதை "அக்கூஷ்மான் சான் துலேர்" என்றார்கள். வலியில்லாப் பிரசவம் என்று பொருள்.

அந்த வகுப்புகளில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதலில் உடம்பைப் பற்றிச் சொன்னார்கள். கரும்பலகையில் படம் போட்டு, கருப்பை எங்கே இருக்கிறது, பிள்ளை எப்படி வளர்கிறது, பிரசவத்தின்போது எந்தத் தசை என்ன செய்கிறது என்று விளக்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். தங்கள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தெரியாததைப் பார்த்துத்தான் பயம் அதிகம். இருட்டு அறையில் விளக்கைப் போட்ட மாதிரி, பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

இரண்டாவது மூச்சு. சுருக்கம் லேசாக இருக்கும்போது ஆழ்ந்த மெதுவான மூச்சு. வலுக்கும்போது மேலோட்டமான விரைந்த மூச்சு. இந்த இரண்டாவதற்கு "நாய்க்குட்டி மூச்சு" என்று செல்லப் பெயர். வெயிலில் ஓடிவந்த நாய்க்குட்டி இளைப்பதைப் போல இருக்கும். வீட்டில் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். மனம் மூச்சை எண்ணுவதில் ஈடுபட்டிருந்தால் வலிக்குக் கொடுக்கும் கவனம் குறையும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

மூன்றாவது தளர்த்துவது. ஒரு கையை இறுக்கிக்கொண்டே மற்ற உறுப்புகளைத் தளர விடுவது, பிறகு ஒரு காலை இறுக்கி மற்றவற்றைத் தளர விடுவது என்று பழக்கினார்கள். கருப்பை மட்டும் இறுகும்போது உடம்பின் மற்ற பகுதிகள் சும்மா இருக்கப் பழக வேண்டும்.

நான்காவது சொல். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சில் பிரசவ வேதனையைப் பன்மையில் "வலிகள்" என்றே சொல்வது வழக்கம். ப்ளுயேயில் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள். "சுருக்கம் வந்ததா?" என்றுதான் கேட்பார்கள். மருத்துவருக்கும் தாதிக்கும் மட்டுமல்லாமல் அங்கே வேலை செய்த எல்லாருக்கும் பயிற்சி உண்டு. கர்ப்பிணியின் காதில் பயமுறுத்தும் சொல் எதுவும் விழக் கூடாது என்பதற்காக. நாமோ "இடுப்பு வலி கண்டுவிட்டது", "வலி எடுக்கலையா, ஊசி போட்டு வலி வரவைக்கணும்" என்று சகஜமாகப் பேசுகிறோம். சொல்லுக்கு இருக்கும் பலத்தை நாம் யோசிப்பதில்லை.

ஐந்தாவது துணை. பயிற்சி கொடுத்த பெண்மணி ஒருவர் பிரசவம் முடியும் வரை பக்கத்திலேயே இருப்பார். கணவரும் கூட இருக்கலாம். வகுப்புக்குக் கணவரையும் வரச் சொன்னார்கள். பிரசவ அறை வாசலில் நின்று சிகரெட் பிடிப்பதுதான் கணவனின் வேலை என்றிருந்த காலத்தில் இது புரட்சி. பிரசவ அறையையும் முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். மேசை, விளக்கு, கருவிகள் எல்லாவற்றையும் நல்ல நிலையில் இருக்கும்போதே பார்த்துவிட்டால், அன்றைக்கு அது புது இடமாக இருக்காது.

எதிர்ப்பும் ஆதரவும்

ரஷ்யாவிலிருந்து வந்தது, தொழிற்சங்க மருத்துவமனையில் நடப்பது, கம்யூனிஸ்டுகள் ஆதரிப்பது. பனிப்போர் காலத்தில் இது போதாதா? பல மருத்துவர்கள் இதை அரசியல் பிரசாரம் என்றார்கள். கத்தோலிக்கர்களுக்கோ இன்னொரு தயக்கம்: வேதத்தில் சொன்னதற்கு மாறாக நடக்கலாமா?

அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தவர் போப் 12ஆம் பயஸ். 1956 ஜனவரி 8ஆம் தேதி மகப்பேறு மருத்துவர்களிடம் பேசும்போது, இந்த முறையில் ஒழுக்கத்துக்கு மாறானது எதுவும் இல்லை என்றார். அறிவியல் முறை ஒன்றைக் கண்டவர் பொருள்முதல்வாதி என்பதற்காக அந்த முறையைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். வேதவசனம் தாய்மார்கள் வலியைக் குறைத்துக்கொள்வதைத் தடை செய்யவில்லை என்றும் விளக்கினார். மாஸ்கோவும் வத்திக்கானும் ஒரே பக்கம் நின்ற விஷயங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இருக்காது.

1957ல் ழான் கபேன் நடித்த "டாக்டர் லோரான் விவகாரம்" என்ற படம் வெளியானது. மலைக் கிராமம் ஒன்றுக்கு வரும் மருத்துவர் அங்குள்ள பெண்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுக்கப் போராடும் கதை. இயக்கியவர் ழான்-போல் லெ ஷனுவா. பிரசவக் காட்சியே படத்தில் உண்டு. அந்தப் படம் திரைக்கு வரும்போது லமாஸ் உயிரோடு இல்லை; அதே ஆண்டு மார்ச் மாதம் இறந்துவிட்டார். இந்த வகுப்புகளின் செலவை ஏற்கும் பொறுப்பு சில ஆண்டுகளில் பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு நிதியிடம் வந்தது.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனவர் மருத்துவர் இல்லை, ஒரு தாய். மார்ஜரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண் பாரிசில் லமாஸிடம் பிள்ளை பெற்றார். ஊர் திரும்பி 1959ல் அவருக்கு நன்றி சொல்லும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு எலிசபெத் பிங் என்ற இயன்முறை மருத்துவரோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் கர்ப்பிணி வகுப்பு என்றாலே லமாஸ் வகுப்பு என்கிறார்கள். ஆங்கிலப் படங்களில் கர்ப்பிணி ஒருத்தி "ஹீ ஹீ ஹூ" என்று மூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் ப்ளுயே தெருவில் இருக்கிறது.

மதிப்பெண் போட்டதில் வந்த வினை

இனி அந்த ஆணை விஷயத்துக்கு வருவோம். வலியில்லாப் பிரசவம் என்று பெயர் வைத்ததில்தான் சிக்கல் தொடங்கியது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ப்ளுயேயில் தரம் போட்டார்கள். மிக நன்று, நன்று என்று தொடங்கித் தோல்வி வரை அந்தப் பட்டியல் போனது. வலி தாங்காமல் கத்தியவள் தோற்றவள் ஆனாள். சரியாகப் பயிற்சி செய்யவில்லை, மனத்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று குற்றம் அவள் மேல் வந்தது. பயத்தைப் போக்க வந்த முறை, சில பெண்களுக்குத் தேர்வு பயத்தைக் கொடுத்துவிட்டது. 1970களில் பெண்கள் இயக்கத்தினர் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டித்தது நியாயம்.

வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்த கனடாவின் ரானல்ட் மெல்சாக், பயிற்சி பெற்ற பெண்களின் பிரசவ வலியையும் பெறாதவர்களின் வலியையும் 1980களில் அளந்து பார்த்தார். பயிற்சி பெற்றவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் வலி இல்லாமல் போகவில்லை. பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் எபிடூரல் முறை வந்தது. 1994 முதல் பிரான்சில் அதன் செலவு எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. வலிக்கு மருந்து கிடைத்த பிறகு நாய்க்குட்டி மூச்சு மெல்ல மறைந்துவிட்டது.

ஆனால் வகுப்புகள் மறையவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. பிரான்சில் இன்றும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 8 அமர்வுகள் இலவசம். அதில் ஒன்று, தாதியோடு உட்கார்ந்து பேசுவதற்கு மட்டுமே. வீட்டில் என்ன கவலை, வேலையில் என்ன தொல்லை, எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். 2020 முதல் அந்தப் பேச்சு கட்டாயம் ஆகிவிட்டது. பிரெஞ்சில் தாதிக்குச் "சாழ்-ஃபாம்" என்று பெயர். அறிவுள்ள பெண் என்று பொருள். வலி போய்விட்டாலும் பயம் தனியாக நிற்கும், அதற்கு ஆள் வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நம்மிடம் இருந்தது

லமாஸுக்குப் பின் வந்த ஃப்ரெடெரிக் லெபுவாயே என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தியாவுக்குப் பலமுறை வந்தவர். பிள்ளை பிறக்கும் அறையில் விளக்கைக் குறையுங்கள், சத்தம் போடாதீர்கள், பிறந்ததும் தாயின் வயிற்றின் மேல் போடுங்கள் என்று 1974ல் எழுதினார். அதற்குப் பிறகு கல்கத்தாவில் தெருவோரம் உட்கார்ந்து ஒரு ஏழைத் தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதைப் பார்த்து, படம் எடுத்து, 1976ல் "சாந்தலா" என்ற புத்தகமாக்கினார். அது அந்தத் தாயின் பெயர். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும் நம் பாட்டிகளுக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றும். ஐரோப்பாவுக்கு அது புதுமை.

அதைப் போலவே, கர்ப்பிணியின் மனத்தைத் தேற்ற நம்மிடமும் ஏற்பாடுகள் இருந்தன. 7ஆம் மாதமோ 9ஆம் மாதமோ வளைகாப்பு. கை நிறைய வளையல், சந்தனம், பூ, ஐந்து வகைச் சாதம். பிள்ளை பெற்றுத் தேறிய பெண்கள் வரிசையாக வந்து வாழ்த்துவார்கள். அத்தனை பேர் பெற்றுப் பிழைத்திருக்கிறார்கள், நானும் பிழைப்பேன் என்ற நம்பிக்கையை அது எந்தப் பிரசங்கமும் இல்லாமல் கொடுத்துவிடும். பிறகு தாய்வீடு. மாமியார் வீட்டு வேலையிலிருந்து விடுதலை. கேட்டதைச் சமைத்துக் கொடுக்க அம்மா. பினார் எடை போட்டுக் கண்டுபிடித்த ஓய்வை நம் வழக்கம் இப்படிக் கொடுத்தது. பிரகலாதனும் அபிமன்யுவும் கருவிலேயே கேட்டார்கள் என்ற கதைகளைச் சொல்லி, அவள் காதில் நல்ல சொல்லே விழ வேண்டும் என்றார்கள். ப்ளுயேயில் "வலி" என்ற சொல்லைத் தவிர்த்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டிலேயே பிரசவம் பார்த்து எத்தனை தாய்மார்களை இழந்தோம் என்பது நம் தலைமுறைக்குத் தெரியும். ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு பெயர் இருக்கும். மருத்துவமனைகள் அந்த உயிர்களைக் காப்பாற்றின. ஆனால் மருத்துவமனைக்குப் போனபோது ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டோம். 9 மாதம் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் வெளியே; அவள் மட்டும் உள்ளே. வலியில் கத்தினால் அதட்டல். எந்த நேரத்தில் கை பிடிக்க ஆள் வேண்டுமோ அந்த நேரத்தில் தனிமை.

இதன் விலை என்ன என்பதை 1980ல் குவாத்தமாலா நாட்டில் செய்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. சிக்கலில்லாத பிரசவங்களில், கூடத் துணை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. அந்தத் துணைப் பெண் உறவினர்கூட இல்லை, முன்பின் பார்த்திராதவர். அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் துணை இருப்பது நல்லது என்றே சொல்லின. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 வாக்கில் பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கத் தொடங்கினார்கள். 2016ல் மத்திய சுகாதார அமைச்சகமும் அதற்கு வழிசெய்தது. ஏட்டில் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது குடும்பத்தின் பொறுப்பு.

விடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகத்தில் இந்தக் கோப்புகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். மத்திய அரசு விதிகளில் பேறுகால விடுப்பு முதலில் 90 நாள். 1997ல் 135 ஆனது. 2008ல் 180 ஆனது. தனியார் நிறுவனங்களுக்கு 1961 சட்டப்படி 12 வாரம். 2017ல் 26 வாரம். நாள் குறைவாக இருந்த காலத்தில் பெண்கள் அத்தனை நாளையும் குழந்தைக்கென்று சேர்த்து வைப்பார்கள். நிறைமாதத்தில் பேருந்தில் நின்றுகொண்டு வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நாற்காலியில் உட்காருவார்கள். பிரசவத்துக்கு முதல் நாள் வரை கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. விடுப்பு கூடியதில் தாய்க்கும் ஓய்வு கிடைத்தது. மன உளைச்சலைத் தீர்க்க மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் வேலை போய்விடுமோ, சம்பளம் நின்றுவிடுமோ என்ற உளைச்சலை மூச்சு தீர்க்காது. அதற்கு அரசாணைதான் வேண்டும்.

பெரியவர்கள் செய்யக்கூடியது

ப்ளுயே தெருக் கதையிலிருந்து நம் வயதுக்காரர்கள் எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன.

கர்ப்பிணியின் எதிரில் பழைய பிரசவக் கஷ்டங்களை விவரிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். நமக்கு அது நினைவு. அவளுக்கு அது எச்சரிக்கை. அவள் ஏதாவது பயம் சொன்னால் "இதெல்லாம் ஒன்றுமில்லை, நாங்களெல்லாம் பெறலையா" என்று வாயை அடைக்காமல் முழுவதும் கேட்கலாம். மருத்துவரிடம் போகும்போது அவளுடைய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லலாம். மருத்துவர் அனுமதித்தால் மாலையில் கூடவே கொஞ்ச தூரம் நடக்கலாம். பிரசவம் நடக்கப்போகும் இடத்தை முன்பே ஒருமுறை பார்த்து வரச் செய்யலாம். கூட யார் உள்ளே போவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் முக்கியம். சில பெண்களுக்குச் சோர்வும் அழுகையும் நாள் கணக்கில் விடாது. தூக்கம் வராது, சாப்பாடு பிடிக்காது, எதிலும் மனம் ஒட்டாது. அதை "மசக்கை" என்றோ "செல்லம்" என்றோ தள்ளக் கூடாது. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு. பிள்ளை பிறந்த பிறகும் இது வரலாம்.

கடைசியாக, கத்தினாள், அறுவைச் சிகிச்சை ஆனது, ஊசி கேட்டாள் என்பதற்காக யாரையும் குறைவாகப் பேச வேண்டாம். லமாஸ் நல்ல மனிதர். அவர் மருத்துவமனை செய்த ஒரே பிசகு பிரசவத்துக்கு மதிப்பெண் போட்டது. நம் வீடுகளிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. "சுகப்பிரசவமா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் ஒரு "ப்ச்" கொட்டுகிறோமே, அதுவும் மதிப்பெண்தான். தாயும் பிள்ளையும் நலமா என்று கேட்டால் போதும்.